பொங்கல் வாழ்த்து அட்டை: முதலில் மை தீட்டுவதா, முதலில் டை வெட்டுவதா?

நெல்மணி (தஞ்சாவூர்), டிசம்பர் 2

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பொங்கலுக்கு 36 வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்து, உறவினர்களுக்கும் பள்ளிக்காலத் தோழிகளுக்கும் தபாலில் அனுப்ப முடிவு செய்திருக்கிறேன். என் தாயார் தமக்கு வந்த பொங்கல் வாழ்த்துகளை ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். கரும்பும் காளையும் சூரியனும் அச்சிட்ட அந்த அட்டைகளைச் சென்ற மாதம் எடுத்துப் பார்த்தபோது, ஜிகினாத் தூள் இன்னும் விரலில் ஒட்டியது. கைப்பேசி வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என்னிடம் கையால் சுழற்றும் 6 அங்குல டை வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. (டை என்பது, தாளின் மேல் வைத்து அழுத்தினால் அதைத் தன் வடிவிலேயே வெட்டும் கூரிய ஓரமுள்ள உலோக அச்சு.) கோலம் போன்ற சல்லடை வேலைப்பாடு கொண்ட, 9 செ.மீ. விட்டமுள்ள வட்ட டை ஒன்றும், பானை, கரும்பு ஆகியவற்றுக்கான சிறிய டைகளும் வாங்கியிருக்கிறேன். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வெள்ளைத் தாளும் ஆறு வண்ண இங்க் பேடுகளும் உள்ளன. எந்தத் தாளானாலும் எந்த மையானாலும் பிரச்சினை இல்லை என்று கடையில் சொன்னதை நம்பிவிட்டேன். பத்து அட்டைகள் செய்து பார்த்ததில் ஏழு வீணாயின.

முதல் ஐந்தில், கோலத்தை வெள்ளைத் தாளில் வெட்டி எடுத்துவிட்டு அதன்மேல் தூரிகையால் மை தேய்த்தேன். தூரிகையின் மயிர் மெல்லிய கோடுகளில் மாட்டி, மூன்று கோலங்கள் கிழிந்தன. அடுத்த ஐந்தில் முறையை மாற்றி, தாள் முழுவதும் மை தேய்த்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, பிறகு வெட்டினேன். ஊதா மை டையிலும், வெட்டும்போது மேலும் கீழும் வைக்கும் பிளாஸ்டிக் பிளேட்டிலும் ஒட்டிக்கொண்டு, அதற்குப் பின் வெட்டிய வெள்ளைத் தாளையும் கறையாக்கிவிட்டது. போதாக்குறைக்கு, மஞ்சள் சூரியனும் ஊதா வானமும் சந்திக்கும் இடம் சேற்று நிறமாகிவிட்டது. முதலில் மையா, முதலில் வெட்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

---

காகிதப்பூ (கோயம்புத்தூர்), டிசம்பர் 2

வணக்கம் சகோதரி. பதினொரு ஆண்டுகளாக அட்டைக் கலை வகுப்பு எடுத்து வருகிறேன். முதலில் மை, பிறகு வெட்டு என்பதே என் தீர்மானமான கருத்து. உங்கள் முதல் முறை தோற்றது தூரிகையின் குற்றம் அன்று. சல்லடையாக வெட்டிய தாளில் ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது; அதன் குறுக்காக எதைத் தேய்த்தாலும் அது இழுபடும். முழுத்தாளாக இருக்கும்போது தேய்த்தால், தாளின் மொத்த பலமும் தூரிகைக்கு ஈடுகொடுக்கும். மேலும், ஒரே A4 தாளில் நிறத்தைச் சீராக ஏற்றி, அதிலிருந்து ஆறு கோலங்களை வெட்டினால் ஆறும் ஒரே சாயலில் வரும். தனித்தனியாக வெட்டியவற்றுக்கு மை ஏற்றினால், ஆறும் ஆறு விதமாக இருக்கும்.

வெட்டும் அடுக்கை ஒருமுறை சரிபாருங்கள். அடித்தட்டு, அதன்மேல் ஒரு கட்டிங் பிளேட், அதன்மேல் தாள், வெட்டும் முனை தாளைத் தொடும்படி டை, கடைசியாக இரண்டாவது கட்டிங் பிளேட் என்பது பொதுவான அடுக்கு. உங்கள் இயந்திரத்தின் குறிப்பேட்டில் இதில் மாறுபாடு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நுணுக்கமான டைக்கு ஒரே சுற்று போதாது. அடுக்கை வெளியே எடுத்து, கால் திருப்பு திருப்பி, மீண்டும் செலுத்த வேண்டும். தாளுக்கும் டைக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் வெட்டிய கோலம் டையை விட்டு எளிதாகப் பிரியும். பிறகு டையின் முதுகிலுள்ள சிறு துளைகளில் ஊசியை விட்டு மெதுவாகத் தள்ளினால் போதும். நகத்தால் பிய்க்கவே கூடாது.

பிளேட் வளைந்துபோனால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதைப் புரட்டிப் போட்டால் வளைவு ஒரே பக்கம் சேராது. எப்போதும் நடுவிலேயே டையை வைத்து வெட்டும் பழக்கத்தையும் விடுங்கள். இயந்திரத்தின் உருளை ஓரிடத்திலேயே தேயும்.

---

வண்ணக்குழம்பு (சென்னை), டிசம்பர் 3

காகிதப்பூ அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நெல்மணி அவர்களின் கேள்விக்கு, அவர் கையில் இருக்கும் மை எந்த வகை என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

இங்க் பேடில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று டை இங்க். (வெட்டும் டைக்கும் இதற்கும் தமிழில் ஒரே ஒலியாக இருப்பதால், இனி இதைச் சாய மை என்று எழுதுகிறேன்.) சாய மையில் நிறம் நீரில் முழுமையாகக் கரைந்திருக்கும், தாளின் இழைக்குள் ஊறி விரைவில் காய்ந்துவிடும், ஆனால் வெயில் பட்டால் நாளடைவில் வெளுக்கும். மற்றொன்று பிக்மெண்ட் மை. இதில் நிறம் நுண்ணிய துகளாக மிதக்கிறது, தாளின் மேற்பரப்பிலேயே தங்குவதால் அழுத்தமாகவும், கருப்புத் தாளில்கூடத் தெரியும்படியும் இருக்கும், வெளுப்பதும் குறைவு. ஆனால் காய்வதற்கு நேரமாகும். மழுமழுப்பான பூச்சுத் தாளில் சில சமயம் காயவே காயாது. சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் எம்பாசிங் பவுடரைத் தூவுகிறவர்கள் இந்த மையைத் தேடுவதற்குக் காரணமே, பவுடர் ஒட்டும் வரை இது ஈரமாக இருப்பதுதான்.

இரண்டையும் கலந்த வகையும் இருக்கிறது. மை தயாரிக்கும் ரேஞ்சர் நிறுவனம், கைவினைக் கலைஞர் டிம் ஹோல்ட்ஸின் பெயரில் 2017இல் கொண்டுவந்த டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு அதற்கு நல்ல உதாரணம். நீர் தெளித்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான ஒரு படலம் எழும்.

எனவே, பிளேட்டில் கறை ஏறியதற்குக் காரணம் முறை அன்று. ஒரு மணி நேரத்தில் காயாத மையை, அதுவும் டிசம்பர் மழை ஈரத்தில், ஒரு மணி நேரத்தில் காய்ந்ததாக எடுத்துக்கொண்டதுதான். உங்கள் பேடின் அடிப்பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சேற்று நிறத்தைப் பற்றி: மஞ்சளும் ஊதாவும் நேரெதிர் நிறங்கள்; அவை எந்த மையில் கலந்தாலும் பழுப்புதான் கிடைக்கும். நடுவில் ஒரு பாலம் தேவை. மஞ்சளுக்கு அடுத்து ஆரஞ்சு, அதற்கடுத்து அடர் இளஞ்சிவப்பு, அதன் பிறகே ஊதா என்று ஏற்றுங்கள். மார்கழி விடியற்காலையில் காவிரிக்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வானம் இந்த வரிசையில்தான் இருக்கும். வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தூரிகை இருக்க வேண்டும். தூரிகையைத் தாளுக்கு வெளியே, மேசைவிரிப்பின் மேல் வட்டமாகச் சுழற்றத் தொடங்கி, மெல்ல உள்ளே கொண்டுவந்தால் திட்டுத்திட்டாக விழாது.

---

நெல்மணி, டிசம்பர் 3

இருவருக்கும் மிக்க நன்றி. பேடுகளைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை மூன்றும் சாய மை. ஊதாவும் நீலமும் காவிச் சிவப்பும் பிக்மெண்ட் மை. ஒரே கடையில் ஒரே அலமாரியில் இருந்ததால் எல்லாம் ஒரே வகை என்று எண்ணிவிட்டேன். கறைபட்டது ஊதாவில் மட்டும்தான் என்பது இப்போது விளங்குகிறது.

---

டைமேசை (சிவகாசி), டிசம்பர் 4

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளாக அச்சகத்தில் டை பஞ்சிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். நெல்மணி அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் அட்டைகளில் சில எங்கள் ஊரிலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு காலத்தில் காலண்டருக்கு அடுத்து இங்கே பொங்கல் வாழ்த்துக்குத்தான் இராப்பகலாக இயந்திரம் ஓடும்.

எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முதலில் அச்சு, பிறகு காயவைத்தல், கடைசியில் பஞ்சிங். இந்த வரிசை மாறியதே இல்லை. ஆனால் அதற்குக் காரணம் அழகு அன்று. வெட்டிய தாளை அச்சு இயந்திரம் பிடிக்காது. கையால் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், எங்கள் வழக்கத்தை அப்படியே விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் டைக்கும் உங்கள் டைக்கும் வேறுபாடு அதிகம். நாங்கள் பயன்படுத்துவது, பிளைவுட் பலகையில் வரைபடத்தின்படி கீறல் போட்டு, அதில் எஃகு ரூலை (கூரிய முனையுள்ள எஃகுப் பட்டையை) வளைத்துச் செருகிய டை. ரூலின் உயரம் 23.8 மி.மீ.; இரண்டு பாயிண்ட் (அச்சுத் தொழிலின் அளவு) ரூலின் தடிமன் 0.71 மி.மீ. பக்கத்தில் ஒட்டிய ஸ்பாஞ்ச், வெட்டிய தாளைத் தள்ளி வெளியேற்றும். மடிப்புக் கோட்டுக்கு முனை மழுங்கிய வேறொரு ரூல் உண்டு. அதைக் கிரீஸிங் என்போம். எஃகுப் பட்டையை ஓரளவுக்குத்தான் வளைக்க முடியும் என்பதால், உங்கள் கோலத்தைப் போன்ற சல்லடை வேலை இந்த முறையில் வராது. மெல்லிய தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்யும் உங்கள் வகை டையில் மட்டுமே அது சாத்தியம். சிலர் வெளியில் டை அடித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் வேண்டுமானால் அது கட்டுப்படியாகும். 36 அட்டைக்கு உங்கள் கைப்பிடி இயந்திரமே போதும்.

இனி, யாரும் இதுவரை பேசாத ஒன்று: தாளின் கிரெயின். தாள் உற்பத்தியாகும்போது இழைகள் இயந்திரம் ஓடும் திசையிலேயே பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக வரும். குறுக்காக மடித்தால் முதுகு வெடித்து வெள்ளை இழை தெரியும். கடையில் கிடைக்கும் A4 கனத்தாள் பெரும்பாலும் நீளவாக்குக் கிரெயின் கொண்டது. அதைக் குறுக்கே பாதியாக்கி A5 ஆக்கி, அந்த A5ஐ மறுபடி பாதியாக மடித்தால் மடிப்பு கிரெயினோடு போகும். அதே A4ஐ நீளவாக்கில் இரண்டு பட்டையாகக் கிழித்து மடித்தால், மடிப்பு கிரெயினுக்குக் குறுக்காக விழும். கூடாரம்போல் நிற்கும் அகல அட்டை செய்கிறவர்கள் முதுகு வெடிக்கிறது என்று தாளைக் குறை சொல்வதற்குக் காரணம் இதுதான். சந்தேகம் இருந்தால் தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் மடிப்புத்தான் கிரெயினோடு போவது.

ஈரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நமத்த தாள் வெட்டுப்படாமல் இழுபடும். ஓரத்தில் பஞ்சு கிளம்பும். முதல் முறையில் மூன்று கோலம் கிழிந்ததற்கு தூரிகை மட்டும் காரணமாக இருக்காது. பாதி வெட்டுப்பட்ட இழைகள் முன்பே தளர்ந்திருக்கும். வெட்டுவதற்கு முன் தாளை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் ஒருமுறை ஓட்டிவிட்டு, ஆறவிட்டு வெட்டுங்கள். வித்தியாசம் சத்தத்திலேயே தெரியும். காய்ந்த தாள் உருளைக்குள் போகும்போது நொறுங்கும் அப்பளத்தைப்போல் ஒலிக்கும்.

---

புள்ளிக்கோலம் (விழுப்புரம்), டிசம்பர் 5

நெல்மணி அக்கா, நீங்கள் கோலம் என்று சொல்லும் அந்த டையின் வடிவத்தை எழுத்தில் விவரித்ததை வைத்தே சொல்கிறேன்: அது வடநாட்டு மண்டல வடிவமாக இருக்க வேண்டும். மையத்திலிருந்து இதழ் இதழாக விரியும் அது அழகானதுதான். ஆனால் பொங்கலன்று நம் வாசலில் போடுவது அது அன்று என்பதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிக்குக்கோலத்தை டையாக நினைத்துப் பாருங்கள். புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் கோடு அது. அந்தக் கோட்டைத் தாளில் வெட்டி எடுத்தால், எங்கும் துண்டு விழாமல் ஒரே பின்னலாகக் கையில் வரும். கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு முடிச்சைப்போல் தாங்கும். ஆனால் கோட்டுக்கு நடுவே இருக்கும் புள்ளிகளை எதுவும் பிடித்திருக்கவில்லை, அவை உதிர்ந்துவிடும். டை செய்கிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவதற்கும், புள்ளியே இல்லாத மண்டல வடிவத்தை விரும்புவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. புள்ளி இல்லாத சிக்குக்கோலம் எனக்கு முழுமையாகத் தெரிவதில்லை.

அதற்கு வழி இருக்கிறது. கோட்டை டையால் வெட்டி ஒட்டுங்கள். புள்ளியை மையால் வையுங்கள். பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரைப் பிக்மெண்ட் மையில் ஒற்றி வைத்தால் உருண்டையான புள்ளி விழும். 9 செ.மீ. கோலத்துக்கு அது பெரிதாக இருந்தால், தீக்குச்சியின் மருந்து இல்லாத முனையைப் பயன்படுத்தலாம். தங்கள் பிக்மெண்ட் மை மூன்றில் காவிச் சிவப்பு இருப்பதைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். வாசலில் அரிசிமாக் கோலத்தைச் சுற்றிச் செம்மண் இடுவோம் அல்லவா? கோலத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு, பின்னணித் தாளைக் காவியால் தீட்டுங்கள். அப்போது கோலத்துக்கு மையே தேவைப்படாது; முதலில் எது என்ற கேள்வியும் எழாது.

---

காகிதப்பூ, டிசம்பர் 5

புள்ளிக்கோலம் சொன்னதைப் படித்ததும் என் வகுப்பு மாணவிகளுக்கு உடனே அனுப்பிவைத்தேன். இத்தனை ஆண்டுகளில் எந்த வடிவத்துக்கு எந்த நிறம் என்று யோசித்த அளவுக்கு, எந்த வடிவத்துக்கு நிறமே வேண்டாம் என்று யோசித்ததில்லை.

---

வண்ணக்குழம்பு, டிசம்பர் 6

காவிப் பின்னணி யோசனையை நான் முழுமையாக வரவேற்கிறேன். அப்படியானால் மிச்சமிருப்பது பானையும் கரும்பும். கரும்பின் தோகைக்கு மட்டும், முதலில் வெட்டு, பிறகு மை என்று வாதாடுகிறேன். காகிதப்பூ அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மை தீட்டிய வெள்ளைத் தாளை வெட்டினால், வெட்டுவாயில் தாளின் வெள்ளை உட்புறம் மெல்லிய கோடாகத் தெரியும். பானைபோன்ற அகலமான வடிவத்தில் அது கண்ணில் படாது. ஆனால் தோகை இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இருபுறமும் வெள்ளைக்கோடு விழுந்தால், நடுவில் பச்சைக்கு இடமே குறைந்துவிடுகிறது. மேலும், தோகையின் நிறம் சீரானது அன்று. அடியில் வெளிறி, நடுவில் கரும்பச்சையாகி, நுனியில் காய்ந்து மஞ்சள் பூத்திருக்கும். அந்த நுனி எங்கே வருகிறது என்று வெட்டிய பிறகுதான் தெரியும். வெட்டிய தோகையை, ஒட்டும் தன்மை குறைந்த மாஸ்க்கிங் டேப்பில் கவிழாமல் பதித்து, தூரிகைக்குப் பதிலாகச் சிறு ஸ்பாஞ்சால் அடியிலிருந்து நுனிக்கு ஒற்றினால் கிழியாது. குறுக்காகத் தேய்த்தால்தான் கிழியும்.

வரலாற்றில் இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. லண்டனில் ஹென்றி கோல் 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்த முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையில், கோட்டோவியத்தைக் கல்லச்சில் அடித்துவிட்டு நிறத்தைக் கையால்தான் ஏற்றினார்கள். ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங். வடிவம் முதலில், நிறம் பிறகு என்பதுதான் அந்த அட்டையிலும் வரிசை.

---

காகிதப்பூ, டிசம்பர் 6

தோகையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 36 அட்டைக்கு, அட்டைக்கு ஆறு தோகை என்றாலும் 216 தோகைகளை டேப்பில் பதித்து எடுக்க வேண்டும். இதற்கு நடுவழி ஒன்று சொல்கிறேன். வெள்ளைத் தாளுக்குப் பதிலாக, உள்ளும் புறமும் ஒரே நிறத்தில் வரும் வெளிர்பச்சைத் தாளை வாங்கி, அதன்மேல் கரும்பச்சைச் சாய மையைக் கோடுகோடாக ஏற்றி, பிறகு வெட்டுங்கள். வெட்டுவாயும் பச்சையாகவே இருக்கும். தாளின் நடு வெள்ளையாக இருக்கிறதா என்பதைக் கடையிலேயே ஓரத்தைச் சிறிது கிழித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

இன்னொன்று. பானையை வெட்டியபின் மிஞ்சும் ஓட்டைத்தாளைக் குப்பையில் போடாதீர்கள். அதை அட்டையின் உட்பக்கத்தில் வைத்து, ஓட்டைக்குள் மிக வெளிர்மஞ்சளை ஸ்பாஞ்சால் ஒற்றினால், நீங்கள் வாழ்த்து எழுதும் இடத்தின் பின்னால் நிழல்போல் ஒரு பானை நிற்கும்.

---

தபால்பை (திருநெல்வேலி), டிசம்பர் 8

அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அட்டையின் அழகைப் பற்றி அல்லாமல் அதன் பயணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கடிதக் கட்டணத்தின் முதல் படி 20 கிராம். அதைத் தாண்டினால் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால், பெறுகிறவர் வாசலில் நின்று காசு கொடுத்து வாங்கும் நிலை ஏற்படும். பொங்கல் வாழ்த்துக்கு அது நல்ல தொடக்கம் அன்று. எடையைத் தாள் வாங்கும்போதே கணக்கிட்டுவிடலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. A0 தாள் ஒரு சதுர மீட்டர். A5 அதில் 32இல் ஒரு பங்கு. A6 அதில் 64இல் ஒரு பங்கு. ஆகவே 300 ஜிஎஸ்எம் A5 அட்டை 9.4 கிராம், அதன்மேல் ஒட்டும் அதே கனத்து A6 தாள் 4.7 கிராம், கோலமும் பானையும் ஃபோம் டேப்பும் சேர்ந்து இரண்டு கிராம் என்று வையுங்கள், 114 × 162 மி.மீ. அளவுள்ள உறை சுமார் நாலரை கிராம். மொத்தம் 20ஐத் தாண்டிவிட்டது. அட்டையை 250 ஜிஎஸ்எம்மாகவும் மேல்தாளை 200 ஜிஎஸ்எம்மாகவும் குறைத்தால் 17, 18 கிராமுக்குள் அடங்கும்.

அடுத்து, தபால்தலையின் மேல் விழும் முத்திரை. சுத்தியல்போல் ஓங்கி அடிக்கும் முத்திரை, உறையின் வலது மேல்மூலையில்தான் விழும். அந்த இடத்துக்கு நேர் உள்ளே ஃபோம் டேப்பில் உயர்த்திய பானை இருந்தால் அது நசுங்கும். உயரமான வேலைப்பாடு எதுவாக இருந்தாலும் இடது கீழ்ப்பக்கத்தில் அமையும்படி அட்டையை உறைக்குள் வையுங்கள். உறையின் மேல் முகவரியை நீரில் கரையாத மையால் எழுதுங்கள். ஜனவரியிலும் தென்மாவட்டங்களில் மழை பெய்வதுண்டு. முகவரி கரைந்த உறைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

நெல்மணி, டிசம்பர் 15

ஒரு வாரமாக நீங்கள் அனைவரும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

மண்டல டையை எடுத்து வைத்துவிட்டேன். டை வாங்கிய வேறொரு தோழியிடம் சிக்குக்கோலப் பின்னல் வடிவம் ஒன்று இருந்தது, 8 செ.மீ. அகலம். 200 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாளை இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு சுற்றுகள் செலுத்தினேன். டைமேசை ஐயா சொன்ன அப்பளச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். பட்டர் பேப்பரை உரித்தபோது கோலம் அதனோடு ஒட்டி மேலே எழுந்து வந்தது. உள்ளே இருந்த கண்ணீர்த்துளி வடிவத் துண்டுகள் டையிலேயே தங்கிவிட்டன. ஊசியால் அவற்றைத் தள்ளியபோது, ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவில், ஓரத்தில் பஞ்சு இல்லாமல் விழுந்தது. 36இல் 34 கோலங்கள் பழுதின்றி வந்தன. கிழிந்த இரண்டும், மழை பெய்துகொண்டிருந்த மாலையில், இஸ்திரி போடாமல் அவசரப்பட்டு வெட்டியவை. அவற்றுக்குப் பதிலாக மறுநாள் வேறு வெட்டிக்கொண்டேன்.

பின்னணிக்குக் காவிப் பிக்மெண்ட் மையைத் தேய்த்து, இரண்டு முழு நாட்கள் மின்விசிறியின் கீழ் காயவிட்டேன். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். துணியில் நிறம் ஏறவில்லை. அதன் பிறகே கோலத்தை ஒட்டினேன். அந்த மெல்லிய கோடுகளுக்குப் பசை தடவுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. வெள்ளைப் பசையைத் தட்டில் பரப்பி, ஸ்பாஞ்சால் மிகச் சிறிதளவு எடுத்து, கோலத்தின் பின்புறம் ஒற்றி ஒற்றி வைத்தேன். கனமாகத் தடவிய இரண்டில் பசை வெளியே பிதுங்கி, காவி மேல் பளபளத்தது. புள்ளிகளைத் தீக்குச்சியால் வைத்தேன். அதற்குப் பச்சரிசி நிறத்தில் வெள்ளைப் பிக்மெண்ட் மை வாங்கிக்கொண்டேன்.

சூரியன் உள்ள அட்டைகளுக்கு மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று பாலம் அமைத்தேன். ஊதாவைச் சாய மையாகவே புதிதாக வாங்கினேன். பழைய பிக்மெண்ட் ஊதாவை அருகில் விடவில்லை. இம்முறை நடுவில் சேறு இல்லை. ஓர் அட்டையில் மட்டும், மஞ்சள் தூரிகையையே தவறுதலாக ஊதாவில் தொட்டுவிட்டேன். அதை என் மகனிடம் கொடுத்துவிட்டேன்.

பானை முதலில் மை, பிறகு வெட்டு. கரும்புத் தோகைக்குக் காகிதப்பூ அக்கா சொன்ன பச்சைத் தாள். ஆனால் வண்ணக்குழம்பு அவர்களே, ஆறு அட்டைகளுக்கு மட்டும் உங்கள் வழியில் டேப்பில் பதித்து நுனியை மஞ்சளாக்கினேன். அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்த ஆறும் தனியாகத் தெரிகின்றன. 36க்கும் அப்படிச் செய்ய எனக்கு நேரம் இல்லாமல் போனதே குறை.

சமையலறைத் தராசில் வைத்தேன்: உறையோடு 17 கிராம்.

---

டைமேசை, டிசம்பர் 15

மிகுந்த மகிழ்ச்சி அம்மா. செய்து முடித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, நடுவில் ஒரு வெற்றுத்தாள் வைக்கத் தவறாதீர்கள். பிக்மெண்ட் மை துணியில் ஏறவில்லை என்றாலும், பத்து அட்டைகளின் கனம் ஒரு வாரம் மேலே இருந்தால் ஏறக்கூடும். அதன்மேல் கனமான புத்தகம் எதையும் வைக்காதீர்கள். ஃபோம் டேப் தட்டையாகிவிடும்.

---

புள்ளிக்கோலம், டிசம்பர் 16

உதிர்ந்த அந்த அரிசி அளவுத் துண்டுகளை என்ன செய்தீர்கள் அக்கா?

---

நெல்மணி, ஜனவரி 19

தாமதமான பதிலுக்கு மன்னிக்க வேண்டும். ஜனவரி 6 அன்று 36 உறைகளையும் தபால் நிலையத்தில் சேர்த்தேன். இதுவரை 31 பேர் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசியவர்கள் பலரும் முதலில் தடவிப் பார்த்ததாகவே சொன்னார்கள். ஓர் அட்டையில் சூரியன் மேல் முத்திரையின் வட்டம் பதிந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் நான் உறைக்குள் தலைகீழாக வைத்துவிட்டேன் போலும்.

உதிர்ந்த துண்டுகளைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றை, கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாவின் அட்டையில் பானையின் வாயிலிருந்து வழியும் பொங்கலாக ஒட்டினேன். அவர் நேற்று ஒரு தபால் அட்டையில், நீல மையில், பதில் எழுதியிருக்கிறார். பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்ட மறந்துவிட்டேனாம். மஞ்சள் கொத்துக்கு டை யாரிடமாவது இருக்கிறதா?